பழுதில்லாத பட்டை

மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற அன்றைக்கே குழந்தையின் கழுத்தில் ஊசிப்பட்டையையும் கட்டிவிடுகிற காலம் அது. காது குத்தும்போது பிள்ளை வீரிட்டு அழும். பட்டை கட்டியதும் சுற்றி நிற்பவர்களின் முகம் மலரும், பிள்ளையும் அடங்கிவிடும். வலியென்று அது அழுகிற கடைசி அழுகை இதுதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு எல்லோரும் பந்திக்குப் போவார்கள்.

கோயமுத்தூரில் அந்தப் பட்டையைச் செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவின் தலைவி நறுமுகை. உடம்பில் எங்கே வலி கிளம்பினாலும் பட்டை மோப்பம் பிடித்துவிடும். முடியைவிட மெல்லிய ஊசிகளால் பிடரியில் உரிய புள்ளிகளைத் தட்டும். உடம்பு தன் வலிமருந்தைத் தானே சுரந்துகொள்ளும். பழைய அக்குபங்சர் வைத்தியத்தை ஒரு கழுத்துப்பட்டைக்குள் அடக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். மருந்துக் கடைகளில் பாதி மூடிவிட்டன.

சென்ற வருடம் ஆலையில் ஒரு தவறு நடந்துபோனது. ஊசியே ஏற்றாமல் ஒரு லாரிச் சரக்கு வெளியே போய்விட்டது. நறுமுகை அதைக் கண்டுபிடித்தபோது மாதக்கணக்கில் ஒரு மாவட்டமே அந்த வெற்றுப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு திரிந்திருந்தது. பதறிப்போய்ப் புகார்களைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. பிரசவமும் பல்வலியும் மூட்டுவலியும் மற்ற ஊர்களைப் போலவே அங்கேயும் சுகமாகக் கழிந்திருந்தன. ஆட்களை வரவழைத்து இரத்தத்தைச் சோதித்தாள். மருந்து நிஜமாகவே சுரந்திருந்தது. ஊசியால் அல்ல, பட்டை காப்பாற்றும் என்ற நம்பிக்கையால். வெளியே சொன்னால் உலகத்து வலியெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிடும் என்று பயந்து, அவள் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்றிலிருந்து அவளுடைய பட்டை அவளுக்கு வேலை செய்யவில்லை. முகநரம்பு வலி அவளுக்கு முன்பே உண்டு, பட்டை இருந்ததால் இத்தனை காலம் தெரியாமல் இருந்தது. இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் தாடையில் வெட்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தாள்.

மறைத்தது கணவன் செந்தூரனுக்காக. அவனுக்கு முதுகெலும்பில் புற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆனாலும் பட்டை இருந்த தைரியத்தில் மாடியில் தக்காளிச் செடிக்குக் கொம்பு நட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு திரிந்தான். சாகும்வரை அவனுடைய அந்த நிம்மதி கலையக் கூடாது. அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சில்லென்றிருந்த மோரை வாயில் வைத்தவள், கன்னத்தைப் பொத்திக்கொண்டு டம்ளரைக் கீழே விட்டுவிட்டாள்.

"ஏம்புள்ள, வலிக்குதா?" செந்தூரன் எழுந்தே விட்டான்.

"ஒண்ணுமில்லீங்க."

"பட்டை பழுதாப் போச்சாட்ட இருக்குது. செய்யறவ கழுத்துலயே பழுதா? நல்ல கூத்து போ." அவள் தடுப்பதற்குள் அவளுடையதை அவிழ்த்து மேசைமேல் போட்டுவிட்டுத் தன்னுடையதைக் கழற்றி அவள் கழுத்தில் கட்டினான். "நாளைக்குப் புதுசு வாங்கிக்கலாம். ஒரு ராத்திரிதான, நான் தாங்கிக்குவேன்."

எதைத் தாங்கவேண்டி வரும் என்று பாவம் அவனுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் நெற்றியில் வியர்வை அரும்பியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

"எனக்குப் போயிருச்சுங்க. கழட்டித் தாரேன், போட்டுக்குங்க."

"நான் கேட்டனா? நீயே போட்டிரு."

நறுமுகை வழி தேடினாள். அவனுடைய பட்டைக்கும் தன் வலி கேட்கவில்லை என்று சொன்னால், அந்தப் பட்டையின் மேலும் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். தன்னுடையதைக் கொடுக்கலாம் என்றால் அது பழுதென்று அவனே முடிவுகட்டிவிட்டான். உண்மையைச் சொன்னால் எந்தப் பட்டையும் இனி அவனுக்கு உதவாது.

மேசைமேல் கிடந்த தன் பட்டையை எடுத்தாள். ஒரு ஊக்கால் பின்மூடியைத் திறந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சும்மா குடைந்துவிட்டு மூடினாள்.

"வயர் ஒண்ணு நழுவியிருந்துச்சுங்க. மாட்டிட்டேன். சரியாயிருச்சு."

"நெசமாவா?"

"நான் பாத்தா தப்புமா?"

அவன் கழுத்தில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மேசையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன, மூச்சு சீரானது. எத்தனையோ சோதனைகள் பார்த்தவள்தான் அவள். ஆனால் தன் வாயிலிருந்து வந்த ஒரு பொய் இன்னொருவரின் எலும்புவரை போய் வலியை ஆற்றுவதைக் கண்ணெதிரே பார்த்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வார்த்தை சொல்லித் தன்னை நம்ப வைக்க உலகத்தில் ஒருவரும் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"கைராசிக்காரி புள்ள நீ." செந்தூரன் கண்ணைத் திறந்து சிரித்தான். "உன் தாடை இப்ப எப்படி இருக்குது?"

அந்த நேரம் பார்த்துத் தாடை வெட்டி இழுத்தது.

"துளிகூட வலிக்கலீங்க" என்றாள்.

அவன் அதையும் நம்பினான்.