ஏறுங்க, அத்தான்!

சரிவின் அடியில் அவள் குப்புறக் கிடந்தாள்.

இரண்டு கைகளும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தன.

ஆனால்... ஹேண்டில்பாரோடு சைக்கிள் இல்லை!

அது தலை இல்லாத முண்டமாக, மின்கம்பத்தின் மேல் சாய்ந்து கிடந்தது.

அது நடந்தது போன வாரம்.

இன்று மத்தியானம், அதே சரிவின் உச்சியில் இருந்த சைக்கிள் கடைக்குள் செத்தவளின் கணவன் நுழைந்தான்.

அவனுக்குப் பின்னால்... கடகடவென்று ஷட்டர் இறங்கியது!

"என்ன ஸ்பேனர், வெயிலுக்குப் பயந்து சாத்தறியா?"

கடைக்காரி பூட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். செத்தவளின் தங்கை. எந்நேரமும் கையில் ஸ்பேனரோடு நிற்கும் மைத்துனியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"உக்காருங்க அத்தான்."

"போன்ல அப்படி அழுதியேன்னு போட்டது போட்டபடி ஓடி வந்தேன்..."

"அழுது முடிச்சிட்டேன். அக்கா சைக்கிளைக் கடைசியா சர்வீஸ் பண்ணது நான்தான்னு ஸ்டேஷன்ல சொன்னீங்களாமே?"

"உள்ளதைத்தானே சொன்னேன்? ரிப்பேர்ல ஏதோ கோளாறுன்னு போலீஸ் சொன்னாங்க. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? டயர்ல காத்து போனாக்கூட ஆட்டோ புடிக்கிற ஆளு நான்!"

"நாளைக்கு என்னை உள்ள வைக்கப் போறாங்க."

"ச்சே ச்சே... நல்ல வக்கீலாப் பாத்துடலாம் விடு."

"வக்கீல் வேணாம். நான் ஒழுங்காத்தான் மாட்டிக் கொடுத்தேன். அப்புறம் யாரோ கழட்டி மாத்தியிருக்காங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது நீங்கதான்!"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"துக்கத்துல உளர்றே. ஷட்டரைத் தொற."

"தொறக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பரீட்சை."

ஸ்டாண்டில் ஒரு கருப்பு சைக்கிள் நின்றது. முன் சக்கரத்தைக் கவ்வியிருந்த ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் கார்பன் இழை பாய் போலப் பின்னிக் கிடந்தது. ஃபோர்க்கிலிருந்து மேலே ஏறும் குழாய், ஹேண்டில்பாருக்கு நடுவே வாயைத் திறந்துகொண்டிருந்தது. விளிம்பெல்லாம் கிரீஸ்.

மேஜையில் மூன்று சாமான்கள்.

"இந்தக் குழாய்க்குள்ள இதுல ஒண்ணு போகணும். எதுன்னு நீங்களே எடுங்க. மாட்டித் தரேன். பின்வாசல் வழியா இதுலயே சரிவுல இறங்கி வீட்டுக்குப் போங்க. முழுசாப் போய்ச் சேந்துட்டீங்கன்னா, 'தப்பு என்னுதுதான்'னு நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கைய நீட்டறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஒண்ணுமே தெரியாதவருக்கு ஒரு சைக்கிள் சவாரி. அவ்வளவுதானே அத்தான்?"

அவன் மேஜையைப் பார்த்தான். வியர்த்தது.

அவனுக்குத் தெரியும்!

ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவனாயிற்றே...

முதலாவது, நீளமான எக்ஸ்பாண்டர் ப்ளக். திருகத் திருக உள்ளுக்குள் விரிந்து குழாயின் சுவரைத் தாங்கும். வெளியிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கார்பன் நசுங்காது.

இரண்டாவதும் அதே ஜாதி. ஆனால் குட்டை. பாதி இடத்தைத்தான் தாங்கும்.

மூன்றாவது, ஸ்டார் நட். சுற்றிலும் பல். சுத்தியால் அடித்து இறக்க வேண்டும். கார்பன் குழாயில் இறக்கினால் உள்சுவரைக் கீறிக்கொண்டே போகும். அப்புறம் ஒருநாள்... ஒரு சரிவில்... படீர்!

நீளத்தை எடுத்தால், விஷயம் தெரிந்தவன் என்று மாட்டிக்கொள்வான்.

ஸ்டார் நட்டை எடுத்தால் செத்துப்போவான்.

குட்டை! அதுதான் நடுவழி. வீடு வரைக்குமாவது தாங்கும்.

எடுத்து நீட்டினான். "இந்தா. ஏதோ ஒண்ணு."

அவள் அதைக் குழாய்க்குள் விட்டாள். எவ்வளவு திருகியும் லொடலொடவென்று ஆடியது.

"அளவு பத்தல. பிடிக்க மாட்டேங்குது. வேற எடுங்க."

இப்போது இரண்டே இரண்டு.

அவன் கண் நீளத்தின் மேல் போனது. அவள் கண் அவன் கண்ணின் மேலேயே இருந்தது.

'நடிடா... கடைசி வரைக்கும் நடி!'

"இதைப் போடு. பூ மாதிரி அழகா இருக்கு."

ஸ்டார் நட்!

அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. சுத்தியை எடுத்தாள்.

டொக்!

அவன் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது.

டொக்! டொக்!

மூடியைப் போட்டுத் திருகினாள். சைக்கிளை இறக்கிப் பின்கதவைத் திறந்தாள்.

வாசற்படியை ஒட்டியே சரிவு தொடங்கியது. அடியில் ஒரு வேகத்தடை. அதைத் தாண்டி... அதே மின்கம்பம்.

"ஏறுங்க, அத்தான்!"

"ஹெல்மெட் இல்லாம எப்படி..."

"இந்தாங்க. அக்காவோடது. சேருதான்னு பாருங்க."

அவன் தொடவில்லை. "முட்டி வலிக்குது. தள்ளிக்கிட்டே போறேனே?"

"இறக்கத்துல முட்டிக்கு என்ன வேலை? சும்மா உக்காந்தா அதுவே போகும்!"

காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு கால் தரையில். அந்தக் கால் தரையை விட மறுத்தது.

"ஒரு கை கொடுத்துத் தள்ளி விடட்டுமா?"

அவள் கை முதுகில் பட்டதுதான் தாமதம்...

"தொடாதேடி!" அலறிக்கொண்டு கீழே குதித்தான். சைக்கிள் சாய்ந்தது. "தெரிஞ்சே கொல்லப் பாக்கறியா? கார்பன் குழாயில ஸ்டார் நட்டை அடிச்சா கிழிஞ்சிடும்னு உனக்குத் தெரியாதா?"



சாய்ந்த சைக்கிளின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள் மெதுவாக. "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

"அது... போலீஸ்ல சொன்னாங்க!"

"நான் சொல்லலையே!"

அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து பெண் இன்ஸ்பெக்டர் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"உங்க கிட்ட ரிப்பேர்ல கோளாறுன்னு மட்டும்தான் சொன்னேன். உடைஞ்ச கார்பன் குழாய்க்குள்ள ஸ்டார் நட் இருந்தது எனக்கும் இந்தப் பொண்ணுக்கும்தான் தெரியும். மூணாவதா ஒருத்தருக்குத் தெரிஞ்சா, அவர்தான் அதை அடிச்சு இறக்கினவர்."

அவன் படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உன் அக்கா என்னை விட்டுட்டுப் போறேன்னா... பெட்டியெல்லாம் கட்டிட்டா... போகட்டும்னு எப்படி விடறது?"

விலங்கு மாட்டும்போதுகூட அவனுக்கு ஒரு அற்ப திருப்தி. "பரவாயில்ல. மாட்டினாலும் உசுரோட மாட்டினேன். ஏறியிருந்தா இந்நேரம் பொணம்!"

ஸ்பேனர் சாய்ந்த சைக்கிளை நிமிர்த்தி, மூடியைக் கழற்றி, விளிம்பில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தாள்.

வெள்ளியாய்ப் பளபளத்தது!

"நல்லாப் பாருங்க அத்தான். கால் ரெண்டும்தான் கார்பன். மேல வர்ற குழாய் அலுமினியம். சுவர் மெலிசு, வாய் பெருசு. அதான் குட்டை ப்ளக் ஆடிச்சு. அலுமினியத்துல பல் நல்லாப் பிடிச்சுக்கும். இதுக்கு ஸ்டார் நட்தான் சரி."

அவன் வாய் பிளந்தது.

"நீங்க சரியாத்தான் எடுத்தீங்க. ஏறி மிதிச்சிருந்தா ஜம்முனு வீட்டுக்குப் போயிருப்பீங்க." அவள் கிரீஸ் துணியை மடித்தாள். "நான்தான் உள்ள போயிருப்பேன்."

ஜீப் வந்து நின்றது. அவன் கால் மறுபடியும் தரையை விட மறுத்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"பயப்படாம ஏறுங்க, அத்தான்... இதுக்கு நாலு சக்கரம்!"