பாய் ஆண்டெனாவைத் திருப்பிய சாயங்காலம்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் நாளை விடிவதற்குள் உதிரட்டும். பழவேற்காட்டு ஏரி மேல் சத்தியம், அதன் உப்பு மேல் சத்தியம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எண்பத்தேழாம் வருஷம், தை மாதம். கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த தாமோதரன், ஜமால் முகம்மது பாய் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தான். ஆண்டெனா ஒயர் டி.வி.யில் இல்லை. அவனே பிடுங்கிப் போட்டிருந்தான். அவன் முழங்காலருகே சிமெண்டுத் தரையில் கிடந்தது. ஆனாலும் மொட்டைமாடியில் பாய் ஆண்டெனாவைத் திருப்பத் திருப்ப, டி.வி.யில் படம் தெளிந்துகொண்டே வந்தது.

பாயை யாரும் மாடிக்கு அனுப்பவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு பெட்டியைச் சின்ன டி.வி. என்று நினைத்து எடுத்து வந்திருந்தார். மூடியைக் கழற்றினால் அதுவே டைப் அடிக்கிற பலகை; உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. பழைய கம்ப்யூட்டர், கையில் தூக்கிப் போகிற ரகம் என்று தாமோதரன் சொன்ன நிமிஷத்திலிருந்து, அதைத்தான் கேட்டு வாங்கினேன் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தூக்கி வந்த கூலிக்காரர் மட்டும் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"இத்துனூண்டு கண்ணாடியில எவன் எழுத்து படிப்பான்? நம்ம புது கலர் டி.வி.ல வுடு, தாமு" என்பது பாயின் உத்தரவு.

பெட்டியின் முதுகிலிருந்து ஒரு ஒயர் வீடியோ டெக்குக்கு, டெக்கிலிருந்து இன்னொன்று டி.வி.க்கு. கல்யாண வீடுகளில் படம் போடுகிற அதே டெக்குதான். ஆண்டெனாவுக்கு இதில் வேலையே இல்லை என்று தாமோதரன் சொல்லிப் பார்த்தான். "ஆண்டெனா இல்லாம படம் எப்டிப்பா வரும்? யார்கிட்ட கதை வுடுற?" என்று பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியேறிவிட்டார்.

வெளிச்சம் விழாமல் ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் அறைக்குள் பகலே பழசாகிப் போன மாதிரி ஒரு மங்கல் இருந்தது. சந்து வழியே கருவாட்டு வாடையும், அடுப்படியில் பாயின் சம்சாரம் பரக்கத் பீவி இறால் தலை கிள்ளுகிற சத்தமும், டி.வி.யின் இரைச்சலுக்கு நடுவே மேலே இரும்புக் குழாய் கிறீச்சிடுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. சின்னத் திரையில் பச்சையாக ஒரு கட்டம் மினுக்கியது. அதற்குப் பக்கத்தில் கடுகளவு அழுக்கு. தாமோதரன் சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. பெரிய திரையில் படம் மேலே மேலே உருண்டது. குமிழைத் திருகினான். நின்றது.

பெரிய திரையில் அது அழுக்காக இல்லை. ஏரியாக இருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். நடுவே மார்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் தேடிக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்தது தாமோதரனின் பழைய காக்கிச் சட்டை. அவன் பெண்டாட்டி முனியம்மா. மத்தியானம் தோணிரேவுப் பக்கம் இறாலுக்கு இறங்கியவள்.

பெண்டாட்டி டி.வி.யில் வந்தால் எந்த ஆம்பளைக்கும் முதலில் வருவது பெருமைதான். அவனுக்கும் வந்தது.

எட்டிப் பார்த்த பரக்கத் பீவி, "இன்னா தம்பி, உன் சம்சாரம் டி.வி.ல நடிக்குது? சொல்லவே இல்லியே!" என்று கேட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போனாள்.

"வர்தா தாமு?" மேலிருந்து குரல்.

"வர்து பாய்!"

"இரு, இன்னும் நல்லா வெக்கிறேன்."

குழாய் கிறீச்சிட்டது. ஏரி கொஞ்சம் நகர்ந்தது. முனியம்மாவுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதே குனிவு. அதே தடவல். முனியம்மா எந்தப் பக்கம் போனாளோ அந்தப் பக்கமே வந்தாள். அவள் பல்லில் பறி இல்லை. வாய் திறந்திருந்தது. தண்ணீர் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

கிறீச். இன்னும் கிட்டே.

"போதும் பாய்! எறங்குங்க!"

"பாதில வுடுற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது!"

தாமோதரன் டெக்கிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கினான். படம் போகவில்லை. டெக்கை அணைத்தான். டி.வி. பிளக்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். படம் போகவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான், வெகுநேரம் சேற்றில் நின்றவன் கால் மாதிரி இரண்டு காலும் மரத்திருந்தன. பயம் என்றும் சொல்ல முடியாது. பயம் வர வேண்டிய இடமும் மரத்துப் போயிருந்தது.

"ரெட்டையா தெரியுதா, தாமு?" என்றார் பாய். ஒரே உருவம் இரட்டையாகத் தெரிந்தால் ஆண்டெனாவைத் திருப்பி ஒன்றாக்குவது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பது.

திரையில் முனியம்மா தடவுவதை நிறுத்தியிருந்தாள். நிமிரவில்லை. காலில் ஏதோ பட்டதைப்போல் அப்படியே நின்றாள்.

"ரெண்டு பேர் தெரியிறாங்க பாய்" என்று கத்தினான். உதவிக்குத்தான் கத்தினான்.

"அத மொதல்லயே சொல்றதில்ல? ஒண்ணாக்கிடறேன்."

கிறீச்.

ஒருத்திதான் இருந்தாள். காக்கிச் சட்டை. பல்லில் பறி. முகத்தைத் தூக்கி ஒரு தரம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கரையை நோக்கி நடந்தாள்.

"இப்போ எப்டிப்பா?"

தாமோதரன் சுவரைப் பிடித்து எழுந்து, யாருடைய கால்களிலோ ஓடுகிறவன் மாதிரி ஏரிக்கரைக்கு ஓடினான்.

அவள் கரையேறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இப்டி ஓடியார? நாய் தொரத்துதா?" முனியம்மா குரல்தான். முனியம்மா பேச்சுதான்.

"கூட யார்னா இருந்தாங்களா?"

"யாரும் இல்லியே."

மேலே ஏற அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் எலும்பு எலும்பாகத் தடவிக்கொண்டு முழங்கை வரை போய்த் திரும்பின. பறிக்குள் பார்த்தான். காலி.

"ஒண்ணும் கெடைக்கலியா?"

"கெடைச்சுது" என்று சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் விளக்கேற்றினாள். சோறு போட்டாள். அவன் தின்றான், உப்பு தெரியவில்லை, காரம் தெரியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தடவி மீன் பிடிக்கிறவர்கள் கையைப் பார்ப்பதில்லை.

கை தரையில் இறங்கியது.

அவன் உட்கார்ந்திருந்த கோரைப்பாயின் விளிம்பைத் தொட்டது. கோரை கோரையாக வந்தது. நின்றது. வந்தது.

அவன் கால்.

சுண்டுவிரலில் ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக. அளவு பார்க்கிற மாதிரி. தொடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தான். காலில் ஒன்றும் தெரியவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் வாய் மெதுவாகத் திறந்தது.

திறந்துகொண்டே போனது.

ஊரில் யாரைக் கேட்டாலும், தாமோதரன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்றுதான் சொல்வார்கள்.