நெல உப்பு

சேலைத் தொட்டில் மறுபடியும் தரையைத் தொட்டது. வீரலட்சுமிக்கு எரிச்சலாக வந்தது. போன வாரம்தான் முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தாள். பழைய வாயில் சேலை, துவைத்துத் துவைத்து இளகிப்போச்சு என்று முனகிக்கொண்டே, குழந்தை ஸ்வாதியை இடுப்பில் இடுக்கியபடி முடிச்சை அவிழ்த்து இன்னும் மேலே கட்டினாள். தொட்டிலின் அடியில் கை பட்டபோது பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தாள். ஈரத்துணியும் புளித்த பாலும் சேர்ந்து ஊறிய நாற்றம். கையைத் துடைத்துவிட்டு ஸ்வாதியைத் தொட்டிலில் போட்டாள்.

பால் எப்படி வந்தது? ஸ்வாதிதான் இப்போதெல்லாம் பால் குடிப்பதே இல்லையே. மார்பில் வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். புட்டிப்பாலும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். ஆனாலும் கன்னமும் தொடையும் கொழுகொழுவென்று ஏறுகின்றன. "வெயிட் கூடுதுல்ல, அப்புறம் என்ன கவலை?" என்று சிரித்தார் டாக்டர். பால் கட்டி வலிக்கிற மார்போடு உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளைக்கே தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடுதான் அவளுடைய ஆபீஸ். முன் அறையில் கம்ப்யூட்டர்கள், பின் அறையில் தொட்டில். விருதுநகரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்; கணவனுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, பிள்ளையைப் பார்க்க வேறு நாதியில்லை. கடலுக்கு நடுவே ஏதோ ஒரு தீவில் எரிமலை கக்கி ஆறிய பாறைவெளி வருடா வருடம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது அவள் வேலை. செயற்கைக்கோள் ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்பப் போய் ரேடார் படம் எடுக்கும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், நிலம் அசைந்த இடத்தில் வண்ண வளையங்கள் தெரியும்.

தீவைத் தொடுமுன் ஓசூர்ப் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். சாப்ட்வேர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான். கிருஷ்ணகிரி வரைக்கும் கருங்கல் பூமி, இது எங்கே அசையப்போகிறது? படம் எப்போதும் ஒரே நிறமாக, செத்த மாதிரி வரும்.

இன்று சிப்காட்டுக்குப் பின்னால் வளையங்கள் விழுந்திருந்தன. வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொன்று. நடுவில் ஆபீஸ் இருக்கும் தெரு.

பெங்களூருக்குப் போயிருந்த முதலாளி மோகன்குமாருக்குப் போன் போட்டாள்.

"போர் போட்டு உறிஞ்சுறாங்கல்ல மேடம், பூமி அமுங்கத்தான் செய்யும். நீங்க தீவு டேட்டாவை முடிங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நாற்றம் இப்போது முன் அறைக்கே வந்துவிட்டது. கூட்டிப் பெருக்க வரும் நாகம்மா பின் அறை வாசலில் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அம்மா, நெல உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சும்மா."

இதையேதான் போன வாரமும் சொன்னாள். நெல என்றால் கன்னடத்தில் தரை. அந்த அளவுக்கு வீரலட்சுமிக்குத் தெரியும். இந்த ஊர் போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். இதுவும் அதுதான் என்று ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். "பேடம்மா, நோவும்" என்று வேண்டாமெனக் கெஞ்சினாள் நாகம்மா. கை எரியுமே என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக் கையுறை வாங்கிக் கொடுத்தாள் வீரலட்சுமி. அன்றைக்குத் தேய்த்ததிலிருந்துதான் இந்த நாற்றம்.

"உப்புதானே நாகம்மாக்கா, அதான் தேச்சாச்சே?"

"திங்கிற உப்பு இல்லம்மா." நாகம்மா இரண்டு கன்னத்தையும் காற்றால் ஊதிக் காட்டினாள். பிறகு கையை வயிற்றுக்கு முன்னால் வளைத்துப் பிடித்தாள், மாசமாக இருப்பவளைப்போல. "இப்டி. உப்பு."

சொல்லிவிட்டு விளக்குமாற்றை அங்கேயே போட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினாள்.

வீரலட்சுமி திரையைப் பார்த்தாள். அமுங்குகிற தீவில் வளையத்தின் நிறங்கள் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று உள்ளே போகும். இங்கே நீலம், சிவப்பு, மஞ்சள். தலைகீழ். அமுங்கவில்லை. ஏறுகிறது.

சேலை இளகவே இல்லை.

ஓடினாள். பின் அறைக் கதவு பாதியிலேயே தரையில் இடித்து நின்றது. தோளால் முட்டினாள். கொஞ்சம் திறந்தது. நாற்றம் வாய்க்குள்ளேயே வந்து இறங்கியது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்திருந்தது.

தொட்டில் காலி. அதன் துணி தரைமேல் மடிந்து கிடந்தது. நடு அறை மேடாக எழுந்திருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை. ஆசிட் பட்ட இடத்தில் மட்டும் ரெட் ஆக்சைடு பூச்சு உரிந்திருந்தது. அடியில் சிமெண்டு இல்லை. இளஞ்சிவப்பாக ஏதோ. ஈரமாக. மெல்லிய நீல நரம்புகளோடு. ஏறியது. இறங்கியது. உரிந்த ஓரங்களில் வெள்ளையாகக் கசிந்தது.

ஸ்வாதி அதன்மேல் குப்புறக் கிடந்தாள். இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்திருந்தாள். சப்பும் சத்தம் கேட்டது.

"ஸ்வாதி..."

அந்தச் சத்தத்துக்கு வீரலட்சுமியின் மார்பு தானாகச் சுரந்தது. ரவிக்கை நனைந்தது. தன் உடம்பின்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கதவிடுக்கிலேயே நின்றாள்.

குழந்தை கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கடைவாயில் வெள்ளை வழிந்தது. அம்மாவை அடையாளம் தெரிந்தது. கண்ணால் சிரித்தாள். காலை ஆட்டினாள்.

வாயை எடுக்கவில்லை.