சீழ் வைக்காத புண்

இருபத்தெட்டாம் நாளும் தொப்புள்கொடி விழவில்லை. இரண்டு வாரத்துக்குள் காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டியது, குழந்தையின் வயிற்றில் ஈரக் கறுப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜனகனுக்கு அதைப் பார்க்கவே அருவருப்பு. அதைவிட அருவருப்பு, டாக்டர் லொரைன் சொன்னது.

"ரத்தத்துல வெள்ளை அணு அஞ்சு மடங்கு இருக்கு, மிஸ்டர் ஜனகன். ஆனா அதால ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்து புண்ணுக்குப் போக முடியலையோன்னு சந்தேகப்படறேன். ரொம்ப அபூர்வமான வியாதி. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பழுதான ஜீன் இருந்தாத்தான் வரும். நீங்க சொந்தத்துல கட்டினவங்கல்ல? வெள்ளிக்கிழமை ஜீன் டெஸ்ட் எடுத்துடலாம்."

பழுதாம்! மூன்று தலைமுறையாய் வெளியே பெண் எடுக்காத குடும்பம். மாமன் மகள் நிவேதிகாவை அவன் கட்டியதே அந்தச் சுத்தத்துக்காகத்தான். நேற்றுப் படித்து வந்த பொடிப்பெண் அதற்கு மார்க் போடுகிறாள்!

ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு; பிரசவத் தீட்டு நீங்கிப் பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாள். கிளமெண்டியிலிருந்து, குடும்பத்துப் பிள்ளைப்பேறெல்லாம் கூட இருந்து பார்த்த குணமணி மாமி வருவார். வந்ததும் வெள்ளித் தாயத்தில் அடைக்கக் கொடியைக் கேட்பார். விழவில்லை என்று சொல்வதா? நிவேதிகா குளிக்கப் போன பத்து நிமிடத்தில் ஜனகன் நூலை இறுக்கிக் கட்டி, கத்தரிக்கோலை வைத்தான். ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.

"தானா விழுந்துடுச்சு," என்றான் மனைவியிடம். கிளினிக்குக்கும் அதையே சொல்லி, வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தான். கட்டு மாற்றும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். பிரசவத் தையல் வலியோடு கிடந்த நிவேதிகா, நல்ல புருஷன் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அசடு.

வெள்ளியன்று தொப்புளைச் சுற்றிப் பத்துக் காசு அளவில் கறுப்பு. சனியன்று டாலர் நாணயம் அளவு. சிவக்கவில்லை, வீங்கவில்லை, ஒரு பொட்டுச் சீழ் இல்லை. சுத்தமான புண் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு காலை புக்கிட் பாத்தோக் வீடு சாம்பிராணிப் புகையிலும் மல்லிகை வாசனையிலும் மூழ்கியிருக்க, வாசலில் செருப்புகள் குவிய, கூடத்தில் சொந்தக்காரர்களின் சிரிப்பு ஏற ஏற, ஜனகனின் காது மட்டும் படுக்கையறைப் பக்கமே சாய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து குழந்தை அழவே இல்லை.

சமையலறையில் குணமணி மாமி கொடியை வாங்கி, அதன் நுனியை உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, அறுத்திருக்கே?"

ஜனகன் சட்டெனக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பயப்படாத லா. நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்? உனக்கு முன்னால பொறந்தவனுக்கும் இப்படி அறுத்துத்தான் எடுத்தோம். நிவேதிகாவுக்கு முன்னால பொறந்த பொண்ணுக்கும்."

"எனக்கு... அண்ணனா?"

"குடும்பப் பேர் கெட்டுடும்னு யாரும் பேசறதில்ல. பார்க்க எவ்வளவு சுத்தமா இருக்கும் தெரியுமா, ரெண்டு பேருக்கும் சீழே வைக்கல."

"அப்புறம்?"

மாமி தாயத்தைத் திருகி மூடினார். "நாப்பது நாள் தாண்டல."

ஜனகன் ஓடினான். வெள்ளை அணு போகாத புண்ணில் சீழ் எங்கிருந்து வரும்!

கதவு. ஏர்கானின் முனகல். தொட்டிலில் குழந்தை விழித்திருந்தது. அவனையே பார்த்தது. அழவில்லை.

கட்டு நனைந்திருந்தது. சீழ் இல்லை. ரத்தமும் இல்லை. வெறும் தெளிந்த நீர்.

"அத்தான்?" வாசலில் நிவேதிகா. "ஏன் இப்படி வேர்க்குது? என்ன ஆச்சு?"

டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தான். கை மட்டும் கட்டைப் பிரித்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க லா, பேர் வைக்க நேரமாச்சு!" கூடத்திலிருந்து யாரோ சிரித்தார்கள்.

கடைசிச் சுற்று.

கறுப்பு வளையம். நடுவே தோல் இல்லை.

குழந்தை மூச்சை இழுத்தது. குழிக்குள் எதுவோ பின்வாங்கியது.

குழந்தை மூச்சை விட்டது.

ஈரமாய், வெளிர்நீலமாய், குடல் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது.