திருடிய செம்பருத்திக் கொம்பு

முந்தின நாள் ஊன்றிய கொம்பு மறுநாள் காலையிலேயே துளிர்த்திருந்தது. கனகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எவ்வளவு ராசியான கை நட்டாலும் செம்பருத்தி துளிர்க்கப் பத்து நாளாவது ஆகும். இதில் கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு இலைகள்.

ஒரகடத்தில் அவள் கைராசியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். சாய்வாகச் சீவி, சாணிப்பாலில் முக்கி, கணு புதைய ஊன்றினால் காய்ந்த குச்சிகூடப் பிழைத்துவிடும். ஆனால் கேட்டு வாங்கிய கொம்பு பிடிக்காது, திருடினால்தான் பிடிக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் அடுத்த வீட்டுக் காந்திமதி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்:

"நான் கொல்லப்பக்கம் திரும்பக்கூட மாட்டேன். நீ வந்து ஒடிச்சிக்கினு போ கனகம்."

கூடப் பிறக்காத குறைதான், அப்படிப்பட்ட அக்கா அவள்.

அது 1991 ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை ஓட்டுக்கூரையில் கொட்ட, ரோட்டில் கல் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு உறுமிப் போக, கொம்பு ஊன்றிய எண்ணெய் டப்பாவிலிருந்து ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது. ஈரமண் வாடை இல்லை. கருகிய மிளகாயும் அழுகின எலுமிச்சையும் கலந்த வாடை. கனகத்துக்குக் குமட்டியது.

அவளுடைய ஐந்து வயது மகள் இசைவாணி காலையிலிருந்து எழவில்லை. தொட்டால் சுடவில்லை. பானைத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தாள். புருஷன் திருமலை லாரியோடு போய் இரண்டு நாளாயிற்று.

மத்தியானம் கொம்பில் ஆறு இலைகள். குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். காந்திமதியின் மகன் டில்லிபாபு. ஒரு மாதமாக இதேபோல் சில்லிட்டுக் கிடந்த பிள்ளை, குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தான்.

கனகம் காந்திமதி வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள். செம்பருத்தியடி மண்ணை மழை அரித்திருந்தது. குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழம். உடைந்த முட்டை. டில்லிபாபுவின் அரைஞாண் கயிறு.

"அக்கா! உம்புள்ள நோவ எறக்கிக் கழிப்பு கழிச்சத இங்கயா பொதச்ச?"

காந்திமதி ஜன்னலில் நின்றாள். கனகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் குடுக்கலியே கனகம். குடுத்தா நோவு போவாதாம். நீதான திருடிக்கினு போன."

"எம்பொண்ணுக்கு உங்கையால சோறு ஊட்டனியேடி, பாவி! உனக்கு எப்டிடி மனசு வந்துச்சு?"

"எனக்கு அவன் ஒருத்தன்தான் கீறான்."

ஜன்னல் சாத்தப்பட்டது.

பெற்ற தாயைவிட நம்பினாளே! கனகம் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தாள். கொம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளே இசைவாணி வீறிட்டாள்.

கையை விட்டாள். அலறல் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி அலறல்.

உள்ளே ஓடினாள். குழந்தையை வாரித் தூக்கப் பார்த்தாள். உடம்பு எழுந்தது. கைகள் மட்டும் எழவில்லை.

"இழுக்காதம்மா. வலிக்குது."

பாயை விலக்கினாள். பத்து நகக்கண்களிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக, நூல் கனத்தில், வேர்கள் மண்தரைக்குள் இறங்கியிருந்தன. சுண்டுவிரலில் இன்னொன்று இப்போதுதான் முளைத்திருந்தது. அது தரையை மெல்லத் தடவி, ஈரமான இடம் பார்த்து நுழைந்தது.