சத்தமில்லாத சரக்கு

புதுக்கொற்கையில் பொழுது விடிந்தது. மக்கள் பல் துலக்கினார்கள். சுவரில் மாட்டியிருந்த மூச்சுப்பொறியின் தூசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள். பிறகு, முந்தின இரவு கனவில் வந்த விளம்பரங்களுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். செவ்வாய்க்குக் குடிவந்த இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எல்லாம் பழகிப்போயிருந்தது. காதுக்குப் பின்னால் பதித்த அரிசியளவுச் செவிமணி, ஆள் நன்றாக அயர்ந்த பிறகு மூன்று விளம்பரங்களைக் கனவுக்குள் விடும். நான்காவதை விட்டால் குற்றம்.

அன்று வைகுண்டமணி அண்ணாச்சியின் விளம்பரம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியிருந்தது. அவருடைய மூச்சுப்பொறியோ அந்த வாரம் ஒன்றுகூட விற்றிருக்கவில்லை.

அதை மட்டமான சரக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிவப்புத் தூசியைப் பிடித்துக்கொண்டு நல்ல காற்றை அறைக்குள் விடும் மூச்சுப்பொறி இல்லாமல் அங்கே ஒருவர் ஒரு பகல் பிழைக்க முடியாது. பழைய மூன்றாம் மாதிரி கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தை ஒழிப்பதற்கென்றே தலைமைப் பொறியாளர் ஜெசிந்தா ஒன்பது வருடம் பாடுபட்டு, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் பேரிங் என்கிற தாங்கிகளைக் கடைந்து, 'மௌனம்' என்ற புதிய மாதிரியை உருவாக்கியிருந்தாள். அது ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்டாலும் தெரியாது. அண்ணாச்சி அதைத் தடவிக்கொடுக்கும்போது பெற்ற பிள்ளையைத் தடவுவது போலிருக்கும். பூமியிலேயே இப்படி ஒன்று கிடையாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. உண்மையும் அதுதான்.

ஆனால் பெருமையை வைத்து அவருடைய தொழிற்கூடமான ஏழாம் கூடத்தைக் காப்பாற்ற முடியாது. ஆறு மாதத்தில் ஐந்நூறு பொறியாவது விற்காத தொழிற்கூடத்துக்குக் காற்று ஒதுக்கீடு ரத்து என்பது குடியிருப்பு மன்றத்தின் சட்டம். மூன்று மாதம் கழிந்துவிட்டது, போனது முப்பத்தொன்று. கூடத்தை மூடினால் அங்கே வேலை பார்க்கும் நாற்பது பேரும் பனிச்சுரங்கத்துக்குப் போகவேண்டியதுதான்.

மன்றத்திடம் சொல்லி ஒரு சந்தைமதியை வரவழைத்திருந்தார் அண்ணாச்சி. அது விற்பனைக்கு யோசனை சொல்லும் ஒரு செம்பு நிறப் பெட்டி. பூமியில் இருநூறு ஆண்டுகளில் மூடப்பட்ட கடைகளின் கதை முழுவதும் அதற்கு மனப்பாடம். வந்த அன்றே, விளம்பரத்தில் கும்பிட்டபடி நின்ற அண்ணாச்சியின் படத்தை எடுக்கச் சொன்னது. "வாங்குகிறவர் தன்னைப் பார்க்க விரும்புகிறார், உங்களை அல்ல" என்றது. அண்ணாச்சிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, ஆனாலும் எடுத்தார். எல்லாருக்கும் எல்லாம் என்று கூவாதீர்கள் என்றது, நிறுத்தினார். தள்ளுபடி சரக்கின் மானத்தை வாங்கும் என்றது, அதையும் விட்டார். நாலாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டு, மூச்சுப்பொறியில் என்ன வேண்டும் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் 'சத்தம் கூடாது' என்கிறார்கள் என்று கணக்கும் காட்டியது. பிறகென்ன, மௌனம் என்ற சொல்லையே ஊர் முழுக்கக் கனவில் ஓதினார்கள்.

"எல்லாத் தவறுகளையும் களைந்தாயிற்று. எனவே விளம்பரத்தை இரு மடங்காக்குவதே வழி" என்றது சந்தைமதி.

"அந்தப் பொட்டி கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "வாங்குன முப்பத்தொரு வீட்டுக்கும் நேர்ல போய், எப்படி ஓடுதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்."

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. அவர் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தூத்துக்குடியில் கிரைண்டர் விற்ற அவருடைய அப்பா, விற்ற வீட்டுப் படியை மறுபடி மிதித்ததே இல்லை. போய்க் கேட்டால், சரக்கில் குறை இருக்கிறது என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பார்.

"வித்த சாமான் பின்னாடியே நாய் மாதிரி போகச் சொல்லுதியா? குறையிருந்தா அவங்க வரமாட்டாங்களா?"

"நாப்பது பேரு சுரங்கத்துக்குப் போகணும்லா. அதுக்கு இது பரவாயில்ல."

அந்த நாற்பதில் ஜெசிந்தாவும் ஒருத்தி. அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் போனது எஸ்தர் என்ற நர்ஸின் வீடு. கதவைத் திறந்தவள் அவரைக் கண்டதும் திடுக்கிட்டு, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்று முகமெல்லாம் சிரித்தாள். "உங்க மெசினு பிரமாதம். சத்தமே இல்ல."

ஆனால் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவரில் பழைய மூன்றாம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மௌனம், பரணில், பழைய சேலை சுற்றி, பத்திரமாக இருந்தது.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "பழுதா தாயி?" என்று கேட்டார். அப்பாவின் வழக்கத்தை மீறி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஐயோ, பழுதெல்லாம் இல்ல அண்ணாச்சி! மாட்டுன அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பொட்டு ஒறக்கம் கெடையாது. இவரு நாலு தடவ எந்திரிச்சு மெசினு மூக்குல கைய வச்சுப் பாக்காரு, காத்து வருதா, நின்னுட்டான்னு. வெளிய காத்தே இல்லாத ஊருல்லா இது? சத்தம் கேட்டாத்தான நமக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்."

"அப்போ கருத்துக் கேட்டப்ப, சத்தம் கூடாதுன்னுதானம்மா எல்லாரும் சொன்னிய?"

"சத்தம் வேணுமான்னு கேட்டா எவ வேணும்னு சொல்லுவா?" என்றாள் எஸ்தர். பிறகு வெட்கத்தோடு, "ஊருல இருக்கையில எங்க வீட்டு ஃபேன் இப்படித்தான் கத்தும். நாளு தவறாம அதத் திட்டிக்கிட்டேதான் ஒறங்குவோம்" என்றாள்.

முப்பத்தொரு வீட்டில் இருபத்தேழு வீட்டுக் கதை இதுதான். எல்லாரும் முதலில் பிரமாதம் என்றார்கள். இரண்டாவது காபிக்குப் பிறகுதான் உண்மை வந்தது. அண்ணாச்சி மனசு உடைந்துவிடாதபடி நடந்துகொண்டதாக ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் மட்டும், வாங்கிவிடாதீர்கள், தூக்கம் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். பழைய பொறி வைத்து நிம்மதியாகத் தூங்கிய மற்றவர்களோ கனவில் மௌனத்தைப் பார்த்துத் தொண்ணூற்றேழு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மனைவி செல்லக்கனியிடம் புலம்பினார். "ஒறங்கத் தெரியாத சனம்! மொத மெசின மாட்டி நான் ஒரு வருசமா மௌனத்துலதான ஒறங்குதேன்? எனக்கு என்ன கேடு வந்துட்டு?"

செல்லக்கனி முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "நீங்க கொண்டாந்து மாட்டுனதும் மூணு நாளு பேய் மாதிரி முழிச்சுக் கெடந்திய. நாலாம் நாளு நாந்தான் உள்ள இருக்கத எல்லாம் மாத்துனேன். மூடி மட்டுந்தான் மௌனம். உள்ள ஓடுதது பழைய மெசினு."

அண்ணாச்சி எழுந்து போய்ப் படுக்கையறை வாசலில் நின்றார். கடகடவென்றுதான் ஓடியது. ஒரு வருடமாக அந்தச் சத்தம் அவர் காதில் விழவே இல்லை என்பதை நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவமானமும் கூடவே வந்தது.

மறுநாள் ஜெசிந்தாவிடம் சொல்லத்தான் அவருக்கு நடுக்கம். ஒன்பது வருட உழைப்பு. அவள் மேசையிலிருந்த தாங்கி ஒன்றை எடுத்து உருட்டினாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, "சத்தத்த ஒழிச்சவளுக்கு அத எங்க வைக்கணும்னும் தெரியும்" என்று எழுந்தாள்.

பத்து நாளில் 'உறக்கம்' என்ற மாதிரி தயாரானது. உள்ளே மௌனத்தின் அதே நுட்பம், அதே சுத்தமான காற்று. மேலே ஒரு சீரான இரைச்சல். எஸ்தர் வீட்டில் கொண்டுபோய் மாட்டினார்கள். இந்தமுறை அண்ணாச்சி மறுநாள் காலையிலேயே போய்க் கேட்டார். "சத்தம் ரொம்ப ஒழுங்கா இருக்கு அண்ணாச்சி, யாரோ பாடுத மாதிரி. எங்க வீட்டு ஃபேன் ஒரு சுத்துக்கு ஒருக்கா 'டக்'குனு தட்டும்" என்றாள்.

ஜெசிந்தாவின் ஆட்கள் இருபது பேர் ஒரு மாதம் உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு, நாலு சுற்றுக்கு ஒரு தள்ளாட்டம் என்று கணக்குப் போட்டு, இறக்கையைக் கோணலாக்கினார்கள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் அந்தக் கோணல் அமைந்தது. "நூறு வருசம் ஆனாலும் பிசகாம கோணலாவே ஓடும்" என்றாள் ஜெசிந்தா. மௌனத்தை முடித்த அன்றுகூட அவள் குரலில் அத்தனை கர்வம் இல்லை.

விளம்பரமே போடவில்லை. எஸ்தர் வீட்டில் இருவரும் அசந்து தூங்கி வேலைக்குத் தாமதமாகப் போன செய்தியே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. ஏழாம் கூடத்து வாசலில் வரிசை நின்றது. ஆறு மாதக் கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே இரண்டாயிரம் தாண்டியது. ஊரில் அத்தனை பேருக்கும் நல்ல தூக்கம் வந்ததால், மற்ற கடைக்காரர்களின் கனவு விளம்பரங்களும் பிரமாதமாக ஓடின. சந்தைமதி இரண்டு நாள் யோசித்து, கடைகளை மூடவைக்கும் தவறுகள் என்று தான் வைத்திருந்த பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொண்டது: 'மக்கள் கேட்பதைக் கொடுப்பது.'

கூடத்தின் கடைக்கோடியில் தர சோதனை நடக்கிறது. தட்டாமல், தள்ளாடாமல், வழவழவென்று ஓடும் பொறியை உடனே கழித்துக் கட்டுகிறார்கள். தேறியவற்றோடு போகும் உத்தரவாத அட்டையை அண்ணாச்சியே தன் கைப்பட எழுதினார்:

'ஐந்து ஆண்டுகளுக்குள் உங்கள் மூச்சுப்பொறியின் சத்தம் நின்றுபோனால், இலவசமாகப் பழுதாக்கித் தரப்படும்.'