குமிழ் இல்லாமல்

சமையலறையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கடுக்காய் கிடந்தது.

கல்லூரியிலிருந்து திரும்பிய இளவேனில், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரை முழுக்க ஈரம். துடைத்துவிட்ட ஈரம் அல்ல. எங்கிருந்தோ வந்து, அடுப்பு மேடைக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் மூலை விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பிப் போயிருந்த ஈரம். சுவரோரம் விரல் உயரத்துக்கு மெல்லிய வண்டல் கோடு. நெய்வேலித் தண்ணீருக்கென்று ஒரு வாசனை உண்டு, சுரங்கத்தின் அடியிலிருந்து இறைத்து வருவதால் இரும்பும் வெதுவெதுப்பும் கலந்த வாசனை. குவார்ட்டர்ஸில் பிறந்து அதையே குடித்து வளர்ந்தவள் அவள். இது அந்த வாசனை இல்லை. மக்கிய இலை, நனைந்த பாறை, குளிர். வீடு இருக்கும் இருபத்தோராம் வட்டத்தில் மாமரம் உண்டு, வாதாம் மரம் உண்டு. கடுக்காய் மரம் கிடையாது. அது கல்வராயன் மலையில் இருக்கிறது.

அந்த மலையின் பெயரை நினைத்தாலே அவளுக்கு உதடு கோணும்.

அவள் கணவன் செங்குட்டுவன் அங்கேதான் போய் வந்துகொண்டிருந்தான். மழைக்கு மலை ஓடைகளில் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது, அதில் என்னென்ன கலக்கிறது என்று கண்டறியும் ஆய்வு. மழை பெய்தால் தண்ணீர் ஏறும், ஏறினால் கலங்கும். இதைச் சொல்வதற்கு ஒரு திட்டம், வண்டிகள், கருத்தரங்குகள், இவற்றுக்கெல்லாம் தலைவராக டாக்டர் தெய்வசிகாமணி, அவர் உட்காரச் சுழல் நாற்காலி. போன ஐப்பசியில் அந்த நாற்காலியில் இருந்தபடியேதான் அவர் ஃபோனில் சொன்னார், வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த தண்ணீர் ஒரு பாட்டிலாவது வேண்டும் என்று. செங்குட்டுவன் ஓடையில் இறங்கினான். தண்ணீர் வடிந்த பிறகு அவனுடைய பாட்டில் பெட்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் தெய்வசிகாமணி அவன் படத்துக்குச் சால்வை போர்த்தினார். கண்ணாடிச் சட்டத்தில் சால்வை நிற்குமா? வழுக்கி வழுக்கி விழுந்தது. அவரும் விடாமல் எடுத்து எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். மலைவெள்ளத்தைப் பற்றி ஊருக்குச் சொல்ல வந்தவருக்குத் துணி எந்தப் பக்கம் வழுக்கும் என்று தெரியவில்லை.

"யாரு, டீச்சரம்மாவா?" உள்ளறையிலிருந்து மாமியார் மாணிக்கம்மாளின் குரல் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து கோடையிலிருந்து கட்டிலோடு கிடக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ளும் அம்சவல்லி மத்தியானச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"ஆமாம் அத்தை. குழாயை யாரு திறந்து விட்டது?"

"நான்தான். டான்ஸ் ஆடிக்கினே போயி தொறந்துட்டு வந்து படுத்துகினேன். கேக்கறா பாரு கேள்வி, படிச்சவ."

"அப்ப தண்ணி எப்படி வந்துச்சு?"

"எனக்கின்னா தெரியும்? சத்தம்தான் கேட்டுது. வூட்ட யாரோ வெளிய இருந்து தட்டிகினே இருந்தாங்க. டொக்கு டொக்குனு. எம்புள்ள பாட்டில தட்டுவானே, அந்த மாரி."

இளவேனில் கைப்பையை இறக்கி வைத்தாள். கிழவிக்கு எதுவும் மகன்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் மகன், சுரங்கத்துச் சங்கும் மகன். ஆனால் கடைசியாக ஃபோனில் பேசியபோது செங்குட்டுவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அம்மாவை மட்டும் விட்டுடாத, வேனிலு." சேத்தியாத்தோப்பில் நாற்று நட்டே மகனைப் படிக்க வைத்த அந்த வாயாடிக் கிழவியும், ஒரு பாட்டிலும். அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அந்தப் பாட்டிலையும் போன வாரம் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

தண்ணீர் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கல்யாணமான புதிதில் இதே சமையலறையில் நின்று செங்குட்டுவன் செய்து காட்டியிருக்கிறான். எந்த இடத்துத் தண்ணீரோ அந்தத் தண்ணீரிலேயே பாட்டிலை முதலில் மூன்று தடவை அலச வேண்டும். கொஞ்சம் விட்டு, சுழற்றி, கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் பழையது எதுவும் ஒட்டியிருக்காது. அதற்குப் பிறகுதான் நிரப்ப வேண்டும், வாய் விளிம்பு வரைக்கும். மூடியைத் திருகிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு குமிழ்கூட நிற்கக் கூடாது, காற்று இருந்தால் தண்ணீர் மாறிவிடும். குமிழ் தெரிந்தால் நகத்தால் தட்டித் தட்டி அதை வெளியேற்ற வேண்டும். டொக், டொக். அவன் முகம் அப்போது குழந்தைக்குத் தலைவாரி விடுகிறவன் முகம் மாதிரி இருக்கும்.

பெட்டியில் கிடைத்த பாட்டிலில் சீட்டு ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்தில் மேல் ஓடை, பாலத்துக்குக் கீழே என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அலசியிருக்கிறான், நிரப்பவில்லை. போன வாரம் தெய்வசிகாமணி கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தப் பாட்டில் உங்ககிட்டதானே இருக்கு? ரிப்போர்ட்ல அந்த ஒரு கட்டம் மட்டும் காலியா நிக்குது. பாக்கவே அசிங்கமா இருக்கும்மா."

பாட்டில் காலி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வருடமாகக் கிடந்த தண்ணீரைச் சோதிக்கக் கூடாது என்பதுகூட அந்த மனிதனுக்கு உறைக்கவில்லை. கட்டம் நிரம்ப வேண்டும். இளவேனில் பாட்டிலைச் சமையலறைக் குழாயில் மூன்று தடவை அலசினாள். குழாய்த் தண்ணீரையே நிரப்பினாள். வாசலில் குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளிப் போட்டாள். மூடித் திருகி, கவிழ்த்துப் பார்த்து, அவன் தட்டுவது போலவே தட்டினாள். சீட்டைக் கிழிக்கவில்லை. இடம் மேல் ஓடை என்றே இருந்தது. இந்த லட்சண ஆய்வுக்கு இது போதும் என்று நினைத்துக் கூரியரில் போட்டுவிட்டாள்.

கடுக்காய் கிடந்ததற்கு மறுநாள் அவள் வீடு திரும்பியபோது ஈரம் முழங்கால் உயரம் ஏறி இறங்கியிருந்தது. ஹால் சுவரில் கோடு கிழித்தாற்போலத் தடம். அத்தையின் கட்டில் கால்கள் ஊறி நின்றன. வாசற்படிக்கு வெளியே சிமெண்டுத் தரை மட்டும் உலர்ந்து, சாம்பல் தூசி படிந்து, எப்போதும் போலக் கிடந்தது.

கான்டிராக்டில் குழாய் வேலை பார்க்கும் பாவாடை வந்து ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தான்.

"அடைப்புங்க மேடம். வெளிய சாக்கடை எதுக்களிச்சுகினு வந்திருக்கும்."

"சாக்கடைத் தண்ணியா இது? மோந்து பாருங்க."

அவன் முகர்ந்தான். விரலை நனைத்து மறுபடியும் முகர்ந்தான். பிறகு சிரித்தான். "மழத்தண்ணிங்க."

"இங்க மழையே பெய்யலையே, பாவாடை."

"மேக்க மலையில பெய்யுதுன்னு செல்லுல போட்டானுங்களே, மேடம்."

"அதுக்கு எங்க வீட்டு ஓட்டையில வருமா? அறிவோடதான் பேசறீங்களா?"

பாவாடை கம்பியைச் சுருட்டிக்கொண்டான். "எனக்குக் குழாய் மட்டும்தாங்க தெரியும். மலையப் பத்தி நீங்க பெரிய ஆளுங்களாப் பாத்து கேளுங்க." போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை நுனிக்காலில் நடந்தான். அதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. அம்சவல்லி போனபின் அவளும் அத்தையும் மட்டும்தான். சாயங்காலம் ஜன்னலை ஒட்டிய மாமரத்தில் காக்கைகள் அடைந்து கொண்டிருந்தபோது தெய்வசிகாமணியின் ஃபோன் வந்தது.

"ஏம்மா, பிரமாதம்! உங்க பாட்டில் ரிசல்ட் வந்துடுச்சு."

"அப்படியா சார்." அவள் குரலில் இருந்த ஏளனம் அவருக்குக் கேட்காது. கேட்கிற காது அவருக்கு இல்லை.

"கலங்கல், உப்பு, இரும்பு, எல்லாமே மேல் ஓடைக்கு அப்படியே பொருந்துது. இலைச்சாறுகூடத் தெரியுதும்மா. சுத்தமான மலைவெள்ளம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்தாச்சு. செங்குட்டுவன் ராசிக்காரன்மா."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். முட்டாள். சுரங்கத்துத் தண்ணீரையும் தொட்டி மண்ணையும் பார்த்து மலை என்கிறான் முட்டாள். அப்படி நினைத்துச் சிரித்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அவள் தன் சொந்தச் சமையலறையைத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

அங்கே ஓட்டை விக்கியது.

தொண்டை விக்குவது போல ஒரு தடவை. பிறகு தண்ணீர் எழுந்தது. செம்பழுப்பாக, நுரையும் சருகுமாக, சத்தமில்லாமல் தரையில் பரவி ஹாலுக்குள் வந்து, அவள் கணுக்காலைச் சுற்றி, முழங்காலைச் சுற்றி, இடுப்பைத் தொட்டது. சோபா மிதந்து திரும்பியது. தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வீட்டின் நான்கு மூலைகளையும் தொட்டுக்கொண்டு வட்டமாகச் சுழன்றது, அவசரம் இல்லாமல், ஒரு கை பிடித்துச் சுழற்றுவது போல. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு ஒரே உறிஞ்சலில் எல்லாம் இறங்கிப் போயிற்று. திறந்த வாசல் வழியாக ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

ஈரப் புடவையோடு அவள் நடு ஹாலில் நின்றாள்.

முந்தாநாள் விரல் உயரம். நேற்று முழங்கால். இன்று இடுப்பு.

மூன்று தடவை.

அவன் சொன்னது அவள் காதுக்குள் கேட்டது. அப்புறம்தான் நிரப்ப வேண்டும்.

"அத்தை!" அவள் உள்ளறைக்கு ஓடினாள். "எழுந்திருங்க. போயிடலாம்."

மாணிக்கம்மாள் மிதந்து இறங்கிய ஈர மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் உத்தரத்தில். "எங்க போறது? புள்ள வந்துகினு இருக்கான்."

"யாரும் வரல. பேசாம என் கழுத்தக் கட்டிக்குங்க."

"உனக்கு எப்பவும் எகத்தாளம்தான். எம்புள்ளய கேலி, என்னிய கேலி, ஊரு உலகத்தையே கேலி. விடு என்னிய. வலிக்குதுடி."

இளவேனில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கிழவி ஈர மண்மூட்டையாகக் கனத்தாள். கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டு விடவில்லை. ஒரு கையைப் பிரித்தால் மறு கை. அவளால் முடியாது. இன்னொரு ஆள் வேண்டும். எதிர்வீட்டுச் சிவக்குமார் இருப்பான்.

"இதோ வந்துடறேன் அத்தை. ஒரே நிமிஷம்."

"போ, போ. அவன் வந்தா நீ எதுக்கு."

வெளியே ஓடினாள். தெரு உலர்ந்திருந்தது. விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. எதிர்வீட்டில் பூட்டு. சிவக்குமாருக்கு இரண்டாம் ஷிப்ட். சைக்கிளில்கூட யாரும் இல்லை. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் இரைச்சல் மட்டும்.

பின்னால் அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

அறையவில்லை. மெதுவாக. பிறகு ஒரு முறுக்கு. மூடியைத் திருகுவது போல, இரும்பும் மரமும் இறுகும் ஒலி.

அவள் திரும்பி ஓடிவந்து தள்ளினாள். இடித்தாள். தோளால் மோதினாள். கதவு சுவரைப் போல இருந்தது. சாவித் துளையில் சொட்டு நீர் இல்லை. படியின் விளிம்பிலும் இல்லை.

ஜன்னல்.

உள்ளறை ஜன்னலை நோக்கி மாமரத்தின் அடியில் ஓடினாள். கண்ணாடியில் கை வைத்தாள். பனிக்கட்டி.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தது. கலங்கல் இல்லை. வண்டல் இல்லை. தெளிவு. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும். உத்தரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இல்லை.

கட்டில் காலி.

மாணிக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு ஒடிந்தவள். நேராக. பாதம் தரையைத் தொடாமல். நரைத்த கூந்தல் மேல்நோக்கி விரிந்திருந்தது. முகம் உத்தரத்தைப் பார்த்தபடி. மகனைப் பார்த்த முகம்.

அவள் உதட்டோரத்திலிருந்து ஒரு குமிழ் கிளம்பியது. மெல்ல ஏறியது. மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு குமிழ்.

வீடு சாய்ந்தது.

கொஞ்சம்தான். சுவரில் செங்குட்டுவனின் படம் ஆணியில் ஒரு பக்கமாகத் தொங்கியது. இளவேனிலின் உள்ளங்கைக்கு அடியில் கண்ணாடி சரிந்தது.

பிறகு கூரையின் மேலிருந்து கேட்டது. பெரிய நகம். பொறுமையான நகம்.

டொக்.

குமிழ் நடுங்கியது.

டொக். டொக்.

அது உத்தரத்தை விட்டு நழுவியது. விசிறியைத் தாண்டி, படத்தைத் தாண்டி, ஜன்னலை நோக்கி வந்தது. கண்ணாடியின் உட்புறத்தில், அவள் வாய்க்கு நேராக, ஒட்டி நின்றது.

டொக்.